கூடாரத்துக்குப் புறப்படுமுன்...

நவராத்திரி முடிந்து கொலு பொம்மைகளை எடுத்து வைக்கும் நாளில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பொம்மையையும் யாரும் இஷ்டத்துக்குப் பெட்டியில் போடக் கூடாது. பழைய வேட்டித் துணியில் சுற்றி, பெட்டிக்கு எண் கொடுத்து, எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, மூடியின் உள்பக்கம் ஒட்டிய பிறகுதான் பெட்டி பரணுக்கு ஏறும். இது என் மனைவி தன் அம்மாவிடம் கற்றது. தில்லிக்கு வந்து பத்தொன்பது வருடம், மூன்று வீடு மாறினோம். ஒரு செட்டியார் பொம்மைக்குக்கூட மூக்கு உடைந்ததில்லை.

இவ்வளவு ஒழுங்கான வீட்டிலிருந்து 2019 அக்டோபரில் நாங்கள் மலைக்குக் கூடாரம் போட்டுத் தங்கப் போனபோது, கூடாரத்தின் முளைப் பையை மறந்துவிட்டுப் போனோம் என்று சொன்னால் நம்புவீர்களா? காரணம் எளிது. அந்தப் பயணத்துக்கு மூட்டை கட்டியது நான்.

முளை மறந்தது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அந்த இரவில் நடந்த இன்னொன்று அப்படி இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சங்கத்தில் இப்போது பல குடும்பங்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போவதோடு மலைக்கும் போகத் தொடங்கியிருக்கின்றன. பிள்ளைகள் "டென்ட்டில் தங்கணும்" என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். போய் வரட்டும், நல்லதுதான். ஆனால் எதை எடுத்துக்கொண்டு, எதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதை எங்கள் செலவில் நீங்கள் கற்றுக்கொள்ளலாம்.

முதல் பயணம்

நாங்கள் போனது உத்தராகண்டில் ஊக்கிமட்டுக்கு அருகிலுள்ள சாரி என்ற சிறிய கிராமம். இரவு ரயிலில் ஹரித்வார். அங்கிருந்து வாடகை வண்டியில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர்; மலைப்பாதை என்பதால் எட்டு மணி நேரம். தேவப்ரயாகை, ஸ்ரீநகர், ருத்ரப்ரயாகை கடந்து மந்தாகினி நதியோரமாகப் போனால் அகஸ்தியமுனி என்றே ஓர் ஊர் வருகிறது. அங்கே அகத்தியருக்குக் கோயில் இருக்கிறது. பொதிகை மலைக்காரர் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பவரை இமயமலை வழியில் பார்க்கும்போது சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

சாரியிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் ஏறினால் தேவ்ரியா தால் என்ற ஏரி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரம். காலையில் காற்று அசையாமல் இருந்தால் 7,138 மீட்டர் உயரமுள்ள சௌகம்பா சிகரம் அப்படியே தண்ணீரில் தெரியும். ஏரிக்கரையிலேயே கூடாரம் போட வேண்டும் என்பது என் பெண்ணின் ஆசை. ஆனால் இமயமலைப் புல்வெளிகளான புக்யால்களில் இரவு தங்குவதற்கு 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஆகையால் கிராமத்தில் ஒரு வீட்டாரிடம் கேட்டு, அவர்களுடைய படிக்கட்டு வயலில் அறுவடை முடிந்த ஒரு தட்டில் இடம் பிடித்தோம். எங்கே போவதாக இருந்தாலும் வனத்துறையிடமோ ஊராரிடமோ, இரவு எங்கே தங்கலாம் என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

அலுவலக நண்பர் இரவல் கொடுத்த கூடாரம். நான்கு பேர் படுக்கலாம் என்று பையில் போட்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் முளைகள் இல்லை. நண்பர் தனிப் பையில் கொடுத்திருந்தார், அது எங்கள் வீட்டு ஷூ அலமாரி மேலேயே இருந்துவிட்டது. துணி காயப்போடக் கொண்டுபோன கொடிக்கயிற்றைக் கல்லில் கட்டி எப்படியோ நிறுத்தினோம். நான்கு பேர் பைகளோடு உள்ளே போனதும் கால் நீட்ட இடமில்லை.

இருட்டியதும் குளிர் இறங்கியது. ஐந்தாறு டிகிரிதான் இருக்கும். தில்லி ஜனவரியைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு குளிரா என்று நினைத்தேன். வீட்டில் சுவரும் கட்டிலும் ரஜாயும் இருக்கின்றன; இங்கே தரையிலிருந்து குளிர் முதுகில் ஏறியது. ஏழு வயதுப் பையன் நடுங்க ஆரம்பித்தான். வீட்டுக்காரர்களிடம் கேட்டு ஓர் அங்கீட்டி வாங்கி வந்தேன். கரி நன்றாகக் கனிந்திருந்தது, புகையே இல்லை. புகை இல்லையே என்ற தைரியத்தில் அதைக் கூடாரத்துக்குள் வைத்து, காற்று வராமல் ஜிப்பையும் இழுத்து மூடினேன்.

கொஞ்ச நேரத்தில் கதகதப்பாக இருந்தது. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். என் மனைவி தலை வலிக்கிறது என்றாள். வண்டியில் வந்த அலுப்பு என்றேன். எனக்கும் கண்ணைச் சொக்கியது.

மாட்டுக்குச் சாக்குப் போர்த்த வெளியே வந்த அந்த வீட்டுப் பாட்டி, கூடாரத் துணி வழியாகச் சிவப்பாகத் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறார். கத்திக்கொண்டே ஓடி வந்து ஜிப்பைத் திறந்து, அங்கீட்டியை முந்தானையால் பிடித்து வெளியே எறிந்தார். எங்களை ஒவ்வொருவராக இழுத்து வெளியே உட்கார வைத்தார். என் மனைவி வாந்தி எடுத்தாள். பையனை எழுப்பினால் உடனே எழுந்திருக்கவில்லை. கன்னத்தைத் தட்டினேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் கண்ணைத் திறந்து அழுவதற்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கலாம். அந்த ஒரு நிமிஷத்தை இன்றைக்கும் என்னால் பேச முடிவதில்லை.

"நெருப்பை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவார்களா? படித்தவன்தானே நீ?" என்று பாட்டி இந்தியில் திட்டினார். பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை. அன்றிரவு அவர்கள் வீட்டுக் கூடத்தில் படுத்தோம்.

கரி, விறகு, கேஸ் எது எரிந்தாலும், காற்று போதாத இடத்தில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம், இவைதான் அறிகுறிகள். பயணக் களைப்புக்கும் அதே அறிகுறிகள் என்பதால்தான் ஏமாந்துபோகிறோம். அப்படி நடந்தால் உடனே வெளிக்காற்றுக்கு வர வேண்டும். தெளிந்துவிட்டாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். நாங்கள் தில்லி திரும்பித்தான் பார்த்தோம். அதற்கும் டாக்டரிடம் திட்டு வாங்கினேன்.

மூன்று மாதம் கழித்து, 2020 ஜனவரியில், நேபாளத்தில் டாமன் என்ற மலையூரில் கேரளத்திலிருந்து வந்திருந்த சுற்றுலாப் பயணிகள் 8 பேர், அதில் 4 குழந்தைகள், விடுதி அறையில் கேஸ் ஹீட்டர் வைத்துத் தூங்கி இறந்துபோன செய்தியைப் படித்தோம். என் மனைவி பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுப் பூஜை அறைக்குப் போனாள். நான் பையன் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை வாசலில் நின்றேன்.

அடுத்த முறை

நடுவில் கொரோனா வந்தது; பெண்ணுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்தது. 2024 அக்டோபரில் கொலு எடுத்து வைத்த கையோடு, "அதே ஊருக்குப் போகலாம். இந்தத் தடவை நான் கட்டுகிறேன்" என்றாள் என் மனைவி. கும்பகோணத்திலிருந்து நவராத்திரிக்கு வந்திருந்த அப்பாவும் கிளம்பிவிட்டார். வயது எழுபத்தொன்று. "ஏண்டா, வாடகை கொடுத்து வீடு வைத்துக்கொண்டு வயலில் போய்ப் படுப்பானேன்?" என்று கேட்டவர்தான், முதல் ஆளாகக் குரங்குக் குல்லாவைத் தேடி எடுத்தார்.

அவள் முதலில் செய்த காரியம், புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னால் கூடாரங்களை மொட்டை மாடியில் அடிக்கச் சொன்னது. அந்த முறை இரண்டு கூடாரங்கள் வாடகைக்கு எடுத்திருந்தோம். மூன்று பேர் என்று போட்டிருந்தால் இரண்டு பேரும் பைகளும் என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். பகலில் ஒரு தடவை, இருட்டில் டார்ச்சு வைத்து ஒரு தடவை அடித்துப் பார்த்தோம். முளைகளை எண்ணிக் கூடாரப் பைக்குள்ளேயே போட்டோம், கூடுதலாக நான்கு. மேலே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, எங்கே ஒழுகுகிறது என்றும் பார்த்தாகிவிட்டது. பக்கத்து பிளாட் மாமி மாடிக்கு வடாம் காயப்போட வந்தவர், "கல்யாணப் பந்தலா?" என்று கேட்டார்.

கீழே விரிப்பதுதான் முக்கியம்

மேலே எத்தனை போர்வை போட்டாலும், கீழே ஒன்றும் இல்லையென்றால் குளிர் விடாது. உடம்புப் பாரத்தில் அடிப்போர்வை நசுங்கிவிடுகிறது. தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. ஆளுக்கொரு ஃபோம் பாய் கட்டாயம். அதன்மேல் ஸ்லீப்பிங் பேக். வாங்கும்போதோ வாடகைக்கு எடுக்கும்போதோ அதில் இரண்டு வெப்பநிலை எண்கள் போட்டிருந்தால், சௌகரியமாகத் தூங்கக்கூடியது எந்த எண் என்று பாருங்கள். குறைந்த எண், நடுங்காமல் சமாளிக்கலாம் என்பதற்கு மட்டும்தான்.

துணிமணியில் பருத்தியை நம்பாதீர்கள். நமக்குப் பருத்திதான் பழக்கம். ஆனால் வியர்வையிலோ மழையிலோ நனைந்தால் காயாது, உடம்பைக் குளிர வைத்துவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். தடிமனான ஒரே கோட்டைவிட, மெல்லியதாக மூன்று அடுக்கு நல்லது. ஏறும்போது ஒன்றைக் கழற்றலாம், உட்காரும்போது போட்டுக்கொள்ளலாம். தூங்குவதற்கென்று ஒரு ஜோடி காலுறையைத் தனியே பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்து, வேறெதற்கும் தொடாமல் இருந்தால், அந்த ராத்திரி உங்களை வாழ்த்தும்.

கூடாரத்தில் காற்றுப் போகும் வழிகளை அடைக்கக் கூடாது. நெருப்பு வைக்காவிட்டாலும் அடைக்கக் கூடாது. நாம் விடும் மூச்சின் ஈரம் துணியில் பட்டு நீராகிக் காலையில் சொட்டும். முதல் தடவை கூடாரத்தில் விட்டுவந்த போர்வைகள் காலையில் ஈரமாக இருந்தன. மழை பெய்ததென்று நினைத்தேன், மழையே இல்லை.

அடுப்பும் சாப்பாடும்

ரயிலில் கேஸ் சிலிண்டர், அடுப்பு, மண்ணெண்ணெய் எதையும் எடுத்துச் செல்லக் கூடாது, சட்டப்படி குற்றம். ஆகவே அடுப்பை ஊரிலேயே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். நாங்கள் அந்த வீட்டாரின் திண்ணையில், அவர்கள் அடுப்பையே பணம் கொடுத்துப் பயன்படுத்தினோம். மூன்று லிட்டர் குக்கரை மட்டும் நாங்கள் சுமந்தோம். மலையில் குக்கர் ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். உயரம் ஒவ்வொரு 300 மீட்டர் ஏறும்போதும் தண்ணீர் கொதிக்கும் சூடு ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும். 2,000 மீட்டரில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று துவரம்பருப்பைச் சாதாரணப் பாத்திரத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தால் பொழுது விடிந்துவிடும்.

என் மனைவியின் சாப்பாட்டுக் கணக்கு இது. வீட்டிலேயே ரவையை வறுத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கலந்து டப்பாவில் அடைத்தாள். அங்கே தண்ணீர் கொதித்ததும் கொட்டிக் கிளறினால் உப்புமா. புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப்பொடி, நல்லெண்ணெய், நார்த்தங்காய், அவல், வெல்லம். வழிக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. காப்பி டிகாக்ஷனைக் கொண்டுபோய் இரண்டாம் நாள் அது கெட்டுப்போன கதை முதல் பயணத்தில் நடந்துவிட்டதால், இந்தத் தடவை சிறிய பில்டரும் பொடியும் வந்தன. அப்பாவுக்கு அது இல்லாமல் சூரியன் உதிக்காது.

குடிநீரை எங்கே பிடித்தாலும் தளதளவென்று கொதித்த பிறகு மூன்று நிமிஷம் விட்டு இறக்குங்கள். ஊற்றுத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தாலும் சரி. சாப்பாட்டு மூட்டையைக் கூடாரத்தில் வைக்காதீர்கள். கடுவால் பக்கத்தில் கரடியும் சிறுத்தையும் உண்டு. வாசனை அவற்றை அழைத்து வரும். நாங்கள் எல்லாவற்றையும் வீட்டாரின் சமையல் கட்டில் வைத்துவிட்டோம். இருட்டிய பின் பிள்ளைகளைத் தனியே வெளியே அனுப்பவில்லை.

மருந்துப் பெட்டி

அப்பாவுக்கு ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை. இரண்டு நாள் பயணத்துக்கு ஐந்து நாள் மாத்திரை எடுத்தோம். மலைப்பாதை சரிந்து வண்டி நின்றுவிட்டால்? அதை இரண்டாகப் பிரித்து, ஒன்று அப்பா சட்டைப் பையில், ஒன்று என் மனைவியின் கைப்பையில். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் அதை உறைந்துபோக விடக் கூடாது. இரவில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். வயதானவர்களைக் கூட்டிப்போவதானால் புறப்படுமுன் அவர்களுடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அப்பாவை ஏரிக்கு நடத்திக் கூட்டிப்போக நாங்கள் டாக்டரின் சம்மதம் வாங்கித்தான் போனோம்.

மலைப்பாதையில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கு மாத்திரையை வண்டி ஏறுமுன் கொடுக்க வேண்டும். ஏறிய பின் கொடுத்தால் மாத்திரையும் வெளியே வரும்.

இடம் பார்ப்பது

சௌகரியமாக இருக்கிறதே என்று ஓடை மணலில் கூடாரம் அடிக்காதீர்கள்; மேலே எங்கோ பெய்யும் மழை கீழே வெள்ளமாக வரும். காய்ந்த கிளை தொங்கும் மரத்தடி ஆகாது. பள்ளத்தின் அடியில் குளிர்காற்று வந்து தேங்கும். கொஞ்சம் மேடாக, நீர் வடிகிற மாதிரி இருக்கட்டும். சரிவு இருந்தால் தலை மேட்டுப் பக்கம். வாசல் காற்றுக்கு எதிர்ப்பக்கம். வெளிச்சம் இருக்கும்போதே எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும்.

கழிப்பறை விஷயம் எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் பெண்கள் முதலில் கேட்பது அதைத்தான். முதல் பயணத்துக்கு ஒரு வீட்டை ஒட்டிய இடமே நல்லது. அது இல்லாத இடத்தில், தண்ணீரிலிருந்து அறுபது மீட்டராவது தள்ளி, ஒரு சாண் ஆழம் குழி தோண்டி மூட வேண்டும். காகிதம், நாப்கின் எல்லாம் தனிப் பையில் கட்டி நம்மோடு திரும்ப வேண்டும். பிளாஸ்டிக்கும் அப்படியே.

மூடியில் ஒட்டிய தாள்

அவள் பயணத்துக்கு எழுதிய தாளை இங்கே அப்படியே தருகிறேன்.

பை 1, படுக்கை: கூடாரங்கள், கம்பிகள், முளைகள் (எண்ணியது), கயிறு, அடியில் விரிக்கத் தார்ப்பாய், ஃபோம் பாய் 5, ஸ்லீப்பிங் பேக் 5.

பை 2, துணி: ஆளுக்கு மூன்று அடுக்கு, குல்லா, கையுறை, தூங்கும் காலுறை, மழைக்கோட்டு. எல்லாம் பிளாஸ்டிக் பைக்குள்.

பை 3, சமையல்: குக்கர் (கேஸ்கெட், வெயிட் பார்த்தது), கரண்டி, கத்தி, தட்டு, டம்ளர், தீப்பெட்டி, டப்பாக்கள், பில்டர்.

பை 4, கைக்கு எட்டும்படி: மருந்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடி, பிளாஸ்திரி, டார்ச்சு ஆளுக்கொன்று, மாற்று பேட்டரி, ஆதார் அட்டை, சில்லறைப் பணம், குப்பைப் பை.

வீட்டில்: எங்கே தங்குகிறோம், எப்போது திரும்புவோம் என்ற விவரம் எதிர்வீட்டில். அவசரத்துக்கு 112.

கடைசி வரி, சிவப்பு மையில்: கூடாரத்துக்குள் நெருப்பு கிடையாது.

டார்ச்சு பற்றி ஒரு சிறு குறிப்பு. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். கைப்பேசியை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்கினால் காலையில் உயிரோடு இருக்கும்.

ஏரிக்கரையில்

இரண்டாம் முறை கூடாரங்கள் இருபது நிமிஷத்தில் நின்றன. பையன்தான் முளை அடித்தான். இப்போது பன்னிரண்டு வயது. பாட்டி வந்து சுற்றிப் பார்த்தார். குனிந்து உள்ளே தலையை நீட்டி, ஒரு மூலை விடாமல் நோட்டம் விட்டார். நெருப்பு இல்லை என்று நிச்சயமான பிறகு பையனைப் பார்த்து, "இவன்தானா அன்றைக்கு எழுந்திருக்காதவன்?" என்றார். என் மனைவி பை 3-லிருந்து ஒரு டப்பா முறுக்கும், ஒரு கம்பளிச் சால்வையும் எடுத்துக் கொடுத்தாள். சால்வை தாளில் எழுதப்படவில்லை. அதை அவள் எனக்கும் சொல்லவில்லை.

மறுநாள் விடியுமுன் ஏரிக்கு நடந்தோம். அப்பா நின்று நின்று வந்தார். வனத்துறைச் சாவடியில் கட்டணம் கட்டிவிட்டு மேலே போனபோது தண்ணீரில் சௌகம்பா அசையாமல் இருந்தது. யக்ஷன் பாண்டவர்களைக் கேள்வி கேட்ட குளம் இதுதான் என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். வில்லிபாரதத்தின் நச்சுப் பொய்கைக் கதையை அப்பா பிள்ளைகளுக்குச் சொன்னார். தம்பிமார் நால்வரும் தாகத்தில், கேட்காமல் குடித்து, கரையில் விழுந்து கிடந்ததையும், நின்று பதில் சொன்ன தருமன் அவர்களைத் திரும்பப் பெற்றதையும் சொன்னார்.

பையன் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவங்க எல்லாரும் எழுந்துட்டாங்களா தாத்தா?" என்று கேட்டான்.

"எழுந்துட்டாங்கடா" என்றார் அப்பா.

நான் பிளாஸ்கைத் திறந்து எல்லோருக்கும் காப்பி ஊற்றினேன். போகிறவர்கள் போய் வாருங்கள். அந்தச் சிவப்பு வரியை மட்டும் உங்கள் தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள்.